வெயில் தணியட்டும், மழை விடட்டும் என்று காத்திருந்தால்

கேள்வி: எனக்கு நாலரை வயதில் ஒரு மகள், ஒன்றரை வயதில் ஒரு மகன். கோடையில் வெயில் அதிகம் என்று வெளியே விடுவதில்லை. மழை வந்தால் சளி பிடிக்கும் என்று மாமியார் கதவைத் திறக்கவே விடமாட்டார். குளிர் காலத்தில் எனக்கே சோம்பல். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கிளம்பிப் போனால் பாதியிலேயே அழுகை, பிடிவாதம், எனக்கும் கணவருக்கும் சண்டை. எதற்கு வந்தோம் என்று ஆகிவிடுகிறது. மற்ற குடும்பங்கள் வெளியே போய்ச் சந்தோஷமாக எடுத்துப் போடும் படங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாங்கள்தான் ஏதோ தவறு செய்கிறோமா டாக்டர்?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய தவறு எதுவும் இல்லை. வாரம் முழுக்க இரண்டு பேரையும் உள்ளேயே வைத்திருந்துவிட்டு, அத்தனையையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஈடுகட்டப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரு வாரச் சாப்பாட்டை ஒரே வேளையில் ஊட்டினால் குழந்தை என்ன செய்யுமோ, அதைத்தான் உங்கள் பிள்ளைகளும் செய்கிறார்கள். அப்புறம் அந்தப் படங்கள். படம் எடுக்க ஒரு விநாடி போதும். அதற்கு முன்னும் பின்னும் அந்த வீட்டுப் பிள்ளையும் செருப்பைக் கழற்றி எறிந்திருக்கும், தரையில் புரண்டு அழுதிருக்கும். அதை யாரும் போடுவதில்லை.

எந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பரவாயில்லை, நான் சொல்லப்போவது எங்கே இருந்தாலும் பொருந்தும். வெளியே போவதைத் தினமும் செய்யுங்கள், கொஞ்ச நேரமே செய்யுங்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்யுங்கள். பருவம் மாறும்போது கிளம்புகிற நேரத்தையும் போடுகிற உடையையும் மாற்றிக்கொள்ளுங்கள், போவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக 2019-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்றிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைய வேண்டும், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான விளையாட்டாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கிளினிக்கில் இதைச் சொன்னாலே "மூன்று மணி நேரமா!" என்று பெற்றோர் முகம் மாறிவிடும். ஒரேயடியாக மூன்று மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை, நாள் முழுக்கப் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் கணக்குத்தான். தவழ்வது, படி ஏறுவது, ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் அலைவது எல்லாமே அதில் சேரும். வீட்டுக்குள் அதை நாம் திட்டமிட்டுச் செய்யவைக்க வேண்டியிருக்கிறது, "ஓடாதே, கீழ் வீட்டில் சத்தம் கேட்கும்" என்று நாமே தடுக்கவும் வேண்டியிருக்கிறது. வெளியே விட்டால் அது பாட்டுக்கு நடந்துவிடும்.

உங்கள் மகன் வயதுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். மணிக்குப் பதினேழு! அதனால் அவன் விழுவதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் பதறி ஓட வேண்டாம், அந்த வயதில் அதுதான் அவன் வேலை. அவ்வளவு உழைத்தவன் மூன்றாவது மணி நேரத்தில் தரையில் உட்கார்ந்து அழுதால் அது பிடிவாதம் இல்லை, தீர்ந்துபோய்விட்டான் என்று அர்த்தம்.

சரி, தினமும் என்றால் எவ்வளவு நேரம்? காலையில் இருபது நிமிடம், மாலையில் அரைமணி நேரம் என்று ஆரம்பியுங்கள். எங்கே? வாசல், மொட்டை மாடி, தெருமுனை மரத்தடி, அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம், எதுவானாலும் சரி. ஒரே இடத்துக்குத் தினமும் போனால் நமக்குத்தான் சலிக்கும், குழந்தைகளுக்குச் சலிக்காது. இன்னும் சொல்லப்போனால், பருவம் என்ற ஒன்று இருப்பதையே குழந்தை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் கண்டுகொள்ள முடியும். போன மாதம் இலை இருந்த கிளை இப்போது மொட்டையாக இருக்கிறது, காய்ந்து கிடந்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, சாயங்காலம் இருட்டு சீக்கிரம் வந்துவிடுகிறது. வாரம் ஒரு புது இடம் என்று சுற்றுகிற குழந்தைக்கு இதெல்லாம் பிடிபடாது. உங்கள் மகளிடம் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அது அவளுடைய மரம் என்று சொல்லிவிடுங்கள், பிறகு "இன்னைக்கு மரத்தைப் பார்க்கப் போகலையா?" என்று அவளே உங்களை இழுத்துக்கொண்டு போவாள்.

பொம்மை மூட்டை எதுவும் வேண்டாம். குச்சி, கல், உதிர்ந்த இலை, மண், ஒரு பழைய டப்பா. இவற்றை வைத்து அவர்கள் கண்டுபிடிக்கிற விளையாட்டை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். மண் ஒட்டினால் வியாதி வந்துவிடும் என்று குச்சியைத் தொடவே விடாத பெற்றோரை நிறையப் பார்க்கிறேன், அந்தக் குழந்தைகள் ஒன்றும் குறைவாகக் கிளினிக்குக்கு வருவதில்லை.

வெயில் காலத்துக்கு வருகிறேன். இங்கே உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் சின்னக் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம், வியர்வை குறைவு, அதனால் சுற்றியுள்ள சூடு நம்மைவிடச் சீக்கிரம் உடலில் ஏறும். தாகம் எடுக்கிறது என்று சொல்லவும் தெரியாது, தெரிந்தாலும் விளையாட்டு மும்முரத்தில் சொல்லாது. ஆகவே நடுப்பகலில் வேண்டாம், காலையும் மாலையும் போங்கள். கடிகாரம் பார்க்காமலே சொல்ல ஒரு வழி இருக்கிறது, மகளுக்கே கற்றுக்கொடுக்கலாம்: தன் நிழல் தன்னைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை, நிழலுக்குப் போய்விட வேண்டும். நீளமாக இருந்தால் விளையாடலாம். செல்போனில் வானிலை பார்க்கும்போது புற ஊதாக் குறியீடு என்று ஒரு எண் இருக்கும், அது 3-ஐத் தொட்டாலே தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, நிழல் என்று பாதுகாப்பு வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலிலேயே வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் உடை மூடாத இடங்களில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவலாம். தண்ணீரைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துக்கொண்டிருங்கள்.

வெயிலில் நான் உண்மையிலேயே கவலைப்படுகிற விஷயங்கள் வேறே. சறுக்குமரத்தின் உலோகத் தகடு ஒன்று. குழந்தையை ஏற்றுமுன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியவில்லை என்றால் அவளும் உட்காரக் கூடாது. தள்ளுவண்டியில் வெயில் படாமல் துணி போட்டு மூடுகிறார்கள், உள்ளே காற்று நின்று சூடேறிவிடும், துணி போடவே போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல் நிறுத்தி வைத்த கார். கண்ணாடி ஏற்றிய காருக்குள் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை. தூங்குகிறானே, எழுப்ப வேண்டாம், இரண்டு நிமிடத்தில் வந்துவிடலாம் என்பதெல்லாம் ஒருபோதும் கூடாது. துள்ளிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று சோர்ந்து, தலை வலிக்கிறது என்றோ வாந்தி எடுத்தோ உட்கார்ந்தால் நிழலுக்குத் தூக்கிப் போய், உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டுப் பதில் இல்லாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது மழையும் மாமியாரும். இதில் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக எழுத வேண்டும், அவரும் இதைப் படிக்கலாம். சளியை உண்டாக்குவது வைரஸ், மழைநீர் அல்ல. அப்படிப்பட்ட வைரஸ்கள் 200-க்கு மேல் இருக்கின்றன, சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், விளையாட்டுப் பள்ளிக்குப் போகிற குழந்தைக்கு அதற்கு மேலும் வரலாம். மழைக்காலத்தில் அதிகம் வருவதற்கு ஒரு காரணம், எல்லோரும் சன்னலை மூடிக்கொண்டு ஒரே அறையில் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டிருப்பது. கதவைச் சாத்தி வைப்பதால் சளி வெளியே நின்றுவிடாது. ஆனால் பெரியவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது: ஈர உடையோடு காற்றில் நின்றால் சின்னக் குழந்தையின் உடல் சூடு மளமளவென்று இறங்கும். எனவே வாதாட வேண்டாம். துவட்டுவதற்குத் துண்டும் மாற்று உடையும் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கிற பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பதினைந்து நிமிடம் தூறலில் குதித்துவிட்டு வந்தால் பாட்டி துவட்டிவிடுவார் என்று ஏற்பாடாகிவிட்டால், பெரும்பாலும் எதிர்ப்பு அதோடு அடங்கிவிடும். நாலு நாளில் பாட்டியே குடையோடு வெளியே வந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

மழையில் கண்டிப்பு காட்ட வேண்டியது மூன்று இடங்களில். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே உள்ளே வந்துவிட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி வெளியே. மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து. சுத்தமான சிறு குட்டையில் குதிக்கலாம், தெருவில் ஓடுகிற வெள்ளத்தில் கூடாது, அதில் சாக்கடை கலந்திருக்கும், திறந்த குழி இருந்தாலும் தெரியாது. மூன்றாவது கொசு. டெங்கு பரவுகிற ஊராக இருந்தால், அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதுவும் விடிந்த சற்று நேரத்திலும் சூரியன் மறைவதற்கு முன்பும் அதிகம். நான் விளையாடச் சொன்ன அதே நேரம்தான், என்ன செய்வது! கை கால் மூடிய உடை, உடை மூடாத இடத்தில் வயதுக்கேற்ற கொசு விரட்டி, சுற்றுப்புறத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது இவைதான் வழி. கொசு விரட்டி வாங்கும்போது அட்டையில் வயதைப் பாருங்கள், எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளது மூன்று வயதுக்குக் கீழே கூடாது, ஆகவே மகனுக்கு ஆகாது.

மேகமூட்டமாக இருக்கிறது, வெளியே போய் என்ன பிரயோசனம் என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்கு அந்த வெளிச்சமே பெரிது. நன்றாக விளக்குப் போட்ட அறையில்கூட சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான், வெளியே பகலில் மேகம் இருந்தாலும் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஆறு ஏழு வயதுக் குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-இல் வெளியான ஆய்வு இது. வந்துவிட்ட கிட்டப்பார்வையை வெளிச்சம் போக்காது, வராமல் தடுப்பதிலும் தள்ளிப்போடுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் வெயில் அடித்தால்தான் கணக்கு என்று இல்லை.

குளிர் காலத்தில் சிக்கல் குழந்தைக்குக் குறைவு, நமக்குத்தான் அதிகம். நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள், நன்றி. ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு மூன்று உடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், ஓடி வியர்க்கும்போது ஒன்றைக் கழற்றிவிடலாம். கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிடரியில் கை வைத்துப் பாருங்கள்: இதமாக இருந்தால் சரி, ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் உடை அதிகம். ஓடுகிற குழந்தை தானே சூடாகிவிடும், இடுப்பிலோ வண்டியிலோ உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு ஒரு உடை கூடுதலாக வேண்டும். காரில் குழந்தை இருக்கையில் உட்காரவைக்கும்போது பஞ்சு வைத்த கோட்டைக் கழற்றிவிட்டு வாரைப் போட்டு, கோட்டை மேலே போர்த்துங்கள், இல்லாவிட்டால் வார் இறுகியதுபோலத் தெரியும், விபத்தில் தளர்ந்துவிடும். பனி கொட்டும் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று: புதிதாக விழுந்த வெண்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், குளிர்கிறதே என்று முகத்தை மறந்துவிடக் கூடாது. புகைமூட்டம் கலந்து காற்று மோசமாக இருக்கிற நாட்களில் மட்டும் உள்ளேயே இருங்கள், மூச்சிரைப்பு உள்ள குழந்தை என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

உங்கள் சோம்பலுக்கும் மருந்து உண்டு. வெளியே போவது கஷ்டமில்லை, கிளம்புவதுதான் கஷ்டம். ஒரு பை எப்போதும் கதவருகே தொங்கட்டும். அதில் தண்ணீர், கொறிக்க ஏதாவது, ஒரு செட் மாற்றுடை, துண்டு, தொப்பி இருக்கட்டும். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை மறுபடி நிரப்பி மாட்டிவிட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுநாள் கிளம்பமாட்டீர்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. போகவே கூடாது என்று சொல்லமாட்டேன், பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஒரே இடம், ஒன்றரை மணி நேரம், மகன் பகலில் தூங்கும் நேரத்தைத் தொடாமல். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றுகிற நேரம்தான் கிளம்புகிற நேரம். "இன்னும் ரெண்டு தடவை ஊஞ்சல், அப்புறம் வீட்டுக்கு" என்று முன்கூட்டியே சொன்னால் மகளுக்குப் புரியும். மகனுக்குச் சொன்னாலும் புரியாது, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஏரிக்குப் போகிறோம் என்று கிளம்பி, வழியில் எறும்பு வரிசையிலேயே அவன் நின்றுவிட்டால் அன்றைக்கு எறும்புதான் பயணம் என்று விட்டுவிடுங்கள். ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதற்கு ஒரு நாள் நீங்கள் இருவர் மட்டும் போங்கள், தப்பே இல்லை.

கணவன் மனைவி சண்டை எங்கே வருகிறது என்று நான் ஊகிக்கிறேன். இரண்டு பேரும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதாக இருப்பார்கள். அப்படி என்றால் யாருமே பார்த்துக்கொள்ளவில்லை என்று பொருள், ஏதாவது ஆனதும் "நீ பார்த்துக்கிறேன்னு நினைச்சேன்" என்று ஆரம்பிக்கும். இறங்கியதுமே வாய்விட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் முக்கால் மணி நேரம் அவர் இரண்டு பேரையும் பார்க்கட்டும், நீங்கள் சும்மா உட்காருங்கள், ஆமாம், சும்மா. அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு வெளியே போவது தாங்கள் அனுபவிக்கவும்தான் என்பதை நிறையத் தாய்மார்கள் மறந்தே போய்விடுகிறார்கள். உங்களுக்கு மணலில் உட்காருவது பிடிக்காது என்றால் மணல் உள்ள இடத்துக்குப் போகாதீர்கள், உங்களுக்குப் பிடித்த நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். நீர் அருகில் மட்டும் இந்தத் தளர்வு கிடையாது. 5 சென்டிமீட்டர் தண்ணீர் ஒன்றரை வயதுக் குழந்தை மூழ்கப் போதும், சத்தம்கூட வராது. கை எட்டும் தூரத்தில், கையில் போன் இல்லாமல், ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வாளித் தண்ணீருக்கும் இதுதான் சட்டம்.

ஏறுவது, குதிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வெளியே போகும் வீடுகளில் அதிகம் கேட்கிற சொல் "விழுந்துடுவே" என்பதுதான், எனவே சொல்லிவிடுகிறேன். நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், உயரம், வேகம், முரட்டு விளையாட்டு போன்ற துணிச்சலான விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார். இப்படி வெளியே விளையாடுவது குழந்தைக்குத் தேவை என்று கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2024-இல் அறிக்கையே வெளியிட்டது. குழந்தை தன் கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அளக்க முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. கிளையின் உயரத்தை அவள் அளப்பாள், உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த ஆணி, வண்டி வருகிற வேகம் இவற்றை அவளால் அளக்க முடியாது. இரண்டாவது வகையை நீங்கள் அகற்றுங்கள், முதல் வகையை அவளிடம் விடுங்கள். தூக்கி மரத்தில் உட்காரவைக்காதீர்கள், தானே ஏறினால் பெரும்பாலும் தானே இறங்கவும் தெரியும். "பார்த்து, பார்த்து" என்று கத்துவதால் அவளுக்கு எதுவும் விளங்காது. "அடுத்த காலை எங்கே வைக்கப் போறே?" என்று கேளுங்கள், யோசித்து வைப்பாள்.

வரும் ஞாயிறு எங்கும் கிளம்ப வேண்டாம். திங்கள் மாலை செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்கள், ஒரு மாதம் இப்படியே போகட்டும், பிறகு ஞாயிறு பயணத்தைப் பற்றி யோசிக்கலாம். ஓடி விளையாடியதும் இருமல் வந்து நிற்காமல் போனாலோ, மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம் கேட்டாலோ, இரவில் இருமி எழுந்தாலோ அதற்கு வெளிக்காற்றைக் குறை சொல்லி உள்ளே பூட்டி வைக்காமல் ஒருமுறை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மூச்சிரைப்பு நோயாக இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வைக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன, அந்தக் குழந்தைகளும் வெளியே ஓடலாம்.